பொறு அங்கிளின் விரல்

கொழும்பில் சிரிப்பதற்கு அனுமதி வாங்கவேண்டிய வீடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. அனுமதி தருகிறவர் பொறு அங்கிள்.

தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது கரண்ட் பில்லில் மட்டும்தான் வரும். கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் லண்டனில். மிச்சமிருந்த சொந்தக்காரர் எல்லோரும் டீவிக்குள் இருந்தார்கள். இங்கிலாந்துக்காரர் எடுத்த பழைய பகிடி நாடகங்கள் என்றால் அங்கிளுக்கு உயிர்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் காட்சி. பார்வையாளர் மூன்று பேர். மேல்மாடி ஃபரீனா அக்கா, கேற்றில் நிற்கும் சிங்கள வாச்சர் நிமல் அய்யே, சந்தியில் ஆட்டோ ஓட்டும் நான். எட்டாம் வகுப்பும் நானும் ஒருவரையொருவர் சரியாக அறிமுகம் செய்துகொள்ளும் முன்பே பிரிந்துவிட்டோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘நோ சேஞ்ச்’. இதை வைத்துக்கொண்டு முழு நாடகம் பார்ப்பது எப்படி? சுலபம். டீவிக்குள் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால் நானும் சிரிப்பேன்.

ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. டீவி சிரிக்கும் முன் யாரும் சிரிக்கக்கூடாது. பகிடி நெருங்கும்போதே அங்கிளின் வலக்கை விரல் மேலே போகும்.

“பொறு. அவன் இன்னும் சொல்லி முடிக்கேல்ல.”

டீவி சிரிக்கும். விரல் இறங்கும். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கலாம்.

அவருக்கு மிகவும் பிடித்த நாடகத்தில் ஒரு பாதிரியாரும் பக்கத்து வீட்டு அம்மாவும் வேலிச் செடிக்காகச் சண்டை பிடிப்பார்கள். ஆறு பாகம். அதோடு சரி, முடிந்தது.

“ஏன் அங்கிள், நம்மட ஆக்கள் எண்டால் இதை ஆறு வருஷம் இழுத்திருப்பினமே?”

“வெள்ளைக்காரன் ஆறோட களைச்சுப்போவான் தம்பி. அதுதான் பண்பு.”

அந்த ஆறையும் நாங்கள் சீடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பாதிரியார் வீட்டுக்குள் இருக்கும்போது ஒரு நிறம், தோட்டத்துக்கு வந்தால் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி வேறு நிறம். கமரா மாறினதாம். அந்தக் கோளாறைக்கூட அங்கிள் பாசத்தோடு தடவிக்கொடுப்பது போலப் பார்ப்பார். ஃபரீனா அக்காவுக்குத்தான் அந்தச் சண்டை பொறுக்காது.

“ஒரு ஆளக் கூப்பிட்டு அந்த வேலிய வெட்டினா முடியிற வேலதானே. என்னத்துக்கு இவ்வளோ சண்ட?”

“வெட்டினால் நாடகம் முடிஞ்சிடும் பிள்ளை.”

ஒருநாள் விரல் மேலே நிற்கும்போது கரண்ட் போனது. பகிடி சொல்லியாகிவிட்டது, டீவி சிரிக்கவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். “சிரிப்பை வைச்சுக்கொண்டிருங்கோ, வந்திடும்,” என்றார். அடுப்பில் சோறு இருக்கிறது என்று ஃபரீனா அக்கா எழுந்து போனார். சிரிப்பையும் கூடவே கொண்டுபோய், கரண்ட் வந்தபின் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார். அன்றைக்கு விரல் இறங்கியதும் சிரித்ததுபோல நான் என் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை. கல்யாணத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது வேறு கதை.

நாடகம் முடிந்தாலும் அங்கிள் முடியமாட்டார். வெள்ளவத்தை வெயிலில் கையில்லாத கம்பளிச் சட்டை போடுவார். அது தாங்காமல் ஃபேனை முழு வேகத்தில் விடுவார். காலி வீதி சூப்பர்மார்க்கெட்டில் ஒரு அம்மாவின் தள்ளுவண்டி அவர் காலில் ஏறியபோது, “மன்னிக்கவேணும்,” என்று இவரே சொன்னார். அந்த அம்மா மன்னித்தும் விட்டார்.

“அங்கிள், நீங்கள் அங்க பிறக்கவேண்டிய ஆள்,” என்று நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி வைத்தோம். அதுதான் வினையாகிப் போனது. மகள் ஃபோனில் கேட்டுவிட்டார்.

“அப்பா, உங்களுக்குப் பிடிச்ச நாடுதானே. வந்து எங்களோடயே இருங்கோ. வீட்டை வித்திடுவம்.”

என்ன சொல்லி மறிப்பது? இங்கிலாந்தைப் பிடிக்காத மனிதன் என்றால் ஏதாவது சொல்லலாம். அங்கிளும் பெட்டியைக் கட்டினார். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு என் ஆட்டோவில்தான் போனார். வீட்டுத் திறப்பை என் கையில் வைத்து, “ஆக்கள் வாங்கப் பார்க்க வருவினம், திறந்து விடு,” என்றார். பிறகு, “ஞாயிற்றுக்கிழமையும் திற,” என்றார்.

முதல் ஞாயிறு நாங்கள் மூவரும் போய் உட்கார்ந்தோம். விரல் இல்லாத வீட்டில் ஆளுக்கொரு நேரம் சிரித்தோம். ஃபரீனா அக்கா முந்தினார், நான் பிந்தினேன், நிமல் அய்யே இடையில் மாட்டிக்கொண்டார். அவர் விரலைத் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸை மறிப்பதுபோல இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அங்கிளே வீடியோ கோல் எடுத்தார்.

“ஃபோனை டீவிப் பக்கம் திருப்பாதை. உங்கட பக்கம் திருப்பு.”

எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு லண்டனிலிருந்து விரலைத் தூக்கினார். லைன் இழுத்து இழுத்து வந்ததால் நாங்கள் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, தேத்தண்ணியும் குடித்தபிறகுதான் ஃபோனுக்குள் விரல் எழும்பியது.

“முந்துறீங்கள்,” என்றார் கோபமாக.

“நீங்கள்தான் அங்கிள் பிந்துறீங்கள்.”

அப்படியே கொஞ்சக் காலம் ஓடியது. வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். நானும் திறந்துவிட்டு, கடல் காற்றில் இரும்பெல்லாம் கறள் பிடிக்கும் என்று ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். ஆனாலும் ஒருவர் இரண்டாம் தரமும் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, என்ன பெயின்ற் அடிக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு கோல் வரவில்லை. நாங்கள் எடுத்தோம். ஃபோன் நிறுத்தியிருந்தது. மகளும் எடுக்கவில்லை. ஃபரீனா அக்கா வாய்க்குள் துஆ ஓதத் தொடங்கினார். நிமல் அய்யே, “அங்கிள்ட்ட அசனீப்பத மல்லி?” என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கிளுக்குச் சுகமில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? டீவியைப் போடவேயில்லை. எழுபத்தைந்து வயது மனிதர், குளிர் நாடு.

விடியக் காலமை தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து கோல்.

“தம்பி, ஆட்டோ சும்மா நிக்குதோ?”

“அங்கிள்? எங்க நிக்கிறீங்கள்?”

“கட்டுநாயக்காவில. பெட்டி ஒண்டுதான்.”

ஆட்டோவை ஓட்டினேனா, அது என்னை ஓட்டியதா என்று தெரியாது. வாசலில் ஆள் நின்றார். கம்பளிச் சட்டை இல்லை.

“சட்டை எங்க அங்கிள்?”

“குடுத்திட்டன். அங்க குளிருக்குப் போட்டால் அது வெறும் சட்டை.”

பாதி வழி, வத்தளை வரைக்கும்தான் பொறுத்தேன்.

“மகளோட ஏதும் பிரச்சினையோ?”

“சீச்சீ, அது தங்கமான பிள்ளை. அழுதுகொண்டுதான் பிளேன் ஏத்திவிட்டது. வீடும் விக்கேல்ல, பயப்படாதை. அங்க பெரிய டீவி இருக்கு தம்பி, பார்க்கத்தான் ஆக்கள் இல்லை. ஆளுக்கொரு ஃபோன். பேரன் சொல்லுறான், அந்தச் சிரிப்பெல்லாம் ஒட்டி வைச்ச சிரிப்பாம்.”

“உண்மையோ?”

“அது எனக்குத் தெரியாதோ? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டு இருத்தினனான்.”

என் சீட்டுப் பக்கம் குனிந்து சொன்னார்.

“உனக்கு இங்கிலீஷ் விளங்காது எண்டு முதல் நாளே தெரியும். டீவி சிரிச்சு, அக்கா சிரிச்சு, நிமலும் சிரிச்சு முடிய, நீ கடைசியாத் தனியச் சிரிப்பாய். அங்க எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.”

ஹோர்ன் அடிக்கத் தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் பாதிரியார் மஞ்சள் நிறத்தில் தோட்டத்துக்கு வந்தார். ஃபரீனா அக்கா வாயைத் திறக்க, விரல் மேலே போனது.

“பொறு.”

பொறுத்தோம். அந்த விரல் அன்று இறங்காமலே நின்றிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.