நீரோட்டம் பார்த்த மாப்பிள்ளை

அதிகம் படித்தவனுக்குக் காது சரியாகக் கேட்காது. இதற்கு நானே சாட்சி.

வெளிநாட்டில் ஒரு மலைக்கு அடியில், குளம் மாதிரி பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவைத்து நியூட்ரினோவுக்காகக் காத்திருப்பது என் வேலை. அது சூரியனிலிருந்து வரும் துகள். நம் உடம்பு, பூமி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்விடும். அதிலும் ஆற்றல் குறைந்தவை மாட்டுவது அபூர்வம். (மாட்டினாலும் ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான்.)

விடுப்பில் சங்கரன்கோவில் வந்தபோது செல்வியைப் பெண் பார்க்கப் போனோம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். பூமிக்கு அடியில், தண்ணீர், நியூட்ரினோ என்று அரைமணி நேரம் பொளந்து கட்டினேன்.

"அப்போ நீரோட்டம் பாக்குதியன்னு சொல்லுங்க" என்றார்.

நம்ம ஊர் நாக்குக்கு நியூட்ரினோ அப்படித்தான் வரும் என்று பெருந்தன்மையோடு மன்னித்து, "அதேதான் மாமா" என்றேன்.

மறுநாள் காலை குருவிகுளம் பக்கம் தன் புஞ்சைக் காட்டுக்கு வரச் சொன்னார். போனால் போர் போடும் லாரி நிற்கிறது. குடும்பமே வந்திருந்தது. மாமா என் உள்ளங்கையில் ஒரு தேங்காயை வைத்து, ரெண்டு இஞ்சு தண்ணீர் வந்தால் போதும், நல்ல இடமாகப் பாருங்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். தவிர, டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? (திமிர், வேறென்ன!) நாலு எட்டு நடந்து, குதிகாலால் மண்ணைக் கீறி, "இங்கன போடுங்க" என்றேன்.

போட்டார்கள். மத்தியானம் வரை புழுதிதான் கிளம்பியது. எல்லாரும் திருநீற்றில் குளித்த மாதிரி நின்றோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சம்பந்தம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் தேடுவது நீரோட்டம் இல்லை, நியூட்ரினோ என்கிற துகள் என்று அப்போதுதான் முனகினேன்.

மாமா ஏச வாயெடுத்தார். செல்விதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எப்பா, அவுகள ஏசாதிய. துகளுதான தேடுனாக, துகளு வந்துட்டுல்லா."

முதலில் லாரிக்காரர் சிரித்தார். அப்புறம் மாமாவும் சிரித்துவிட்டார். (ஆனாலும் குழிக்கு இரும்பு மூடி போட்ட பிறகுதான் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்.)

போன மாதம் எங்கள் தொட்டியில், வருஷக்கணக்காகக் காத்திருந்த வெளிச்சப் பொட்டு தெளிவாக விழுந்தது. சந்தோஷம் தாங்காமல் மாமாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எத்தன இஞ்சு மாப்ள?"