சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஜாடி ஒயின்

ஊறுகாய் ஜாடிக்குள்ளிருந்து ‘புஸ்... புஸ்’ என்று சத்தம் வருவதை முதலில் கேட்டது தீர்த்தம்மாள்தான்.

“என்னாங்க, மோட்டார் ரூமுக்கு வாங்க. உங்க ஜாடிக்குள்ள பாம்பு கீம்பு பூந்துகிச்சா பாருங்க!”

அவள் புருஷன் மாது ஓடிவந்து ஜாடியில் காதை வைத்தார். மொரப்பூர் பக்கத்தில் நாலு ஏக்கர் மஞ்சளும் மரவள்ளியும் வைத்திருப்பவர். ஆயுளில் ஒரு சொட்டு மது நாக்கில் பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் பன்னிரண்டு நாளாக ஒயின் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் மகள் காவியாவுக்காக. கூட வேலை செய்யும் இளம்பரிதியைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்னபோது, வேதக்காரர் வீடாயிற்றே, கிறிஸ்தவர்களாயிற்றே என்று இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டு நின்று, இப்போதுதான் சம்மதித்தார் மாது. அந்த இரண்டு வருஷமும் அவள் ஒரு நாள்கூட அப்பாவிடம் முகம் கோணவில்லை. அதை நினைத்தால் இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. போகிற இடத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு கவலைதான் அவருக்கு.

பக்கத்துத் தோட்டத்து சென்றாயன்தான் விவரம் சொன்னவன். “அவங்க கல்யாணத்துல கேக்கு வெட்டி ஒயின் குடிப்பாங்க மாமா. அது இல்லன்னா மரியாதக் கொறச்சலா எடுத்துக்குவாங்க.”

பிராந்திக் கடை வாசலில் போய் நிற்க மாதுவுக்கு மனசு வரவில்லை. அரூரில் பத்துக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துப் பிசைந்து ஊறப் போட்டார். கையோடு மாப்பிள்ளையின் அப்பா ராஜப்பனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

“அப்படிங்களா...” என்று இழுத்தார் ராஜப்பன். “ரொம்ப சந்தோஷம்ங்க.”

இப்போது சத்தத்தை அடக்க, மாது மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தார். மத்தியானம் ‘டமார்’ என்றது. மூடி போன இடம் தெரியவில்லை. பாதி ஒயின் கதவிடுக்கு வழியாக வரப்பில் சிவப்பாக ஓடியது.

அந்த வழியாக வந்த பங்காளி வெங்கடாசலம் நின்று பார்த்தார். “என்னா மாது, கல்யாணத்துக்கு மின்னாடியே கெடா வெட்டிட்டியா?”

ஒயின் என்று எப்படிச் சொல்வது? “ஆமாங்கண்ணா” என்றார் மாது.

சாயங்காலத்துக்குள் பங்காளிகள் ஏழு வீட்டிலிருந்தும் கறி எங்கே என்று கேட்டு ஆள் வந்துவிட்டது. மறுநாள் நிஜமாகவே ஒரு கிடா வெட்ட வேண்டியதாயிற்று.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ராஜப்பன் போன் செய்தார். “சம்பந்தி, ஒயின் கொஞ்சமா இருந்தாலே போதும்ங்க. ஆளுக்கு ஒரு வாய்...”

மாது போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “எவ்ளோ ஆசைய அடக்கிட்டுப் பேசறாரு பாத்தியா? நெறயா வேணும்னு வாயத் தொறந்தா கேப்பாங்க?”

இன்னும் ஐந்து கிலோ திராட்சையும் மூன்று கிலோ வெல்லமும் ஜாடிக்குள் போயின.

நாலு நாள் கழித்து மறுபடியும் போன். “ரொம்பக் காட்டமா இருக்குமாங்க?”

“அந்தக் கவலையே உங்களுக்கு வேணாங்க. நல்லாக் காட்டமா இருக்கும்!”

அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

காட்டத்துக்கு மாதுவுக்குத் தெரிந்ததெல்லாம் சுக்கும் மிளகும்தான். இரண்டையும் கைநிறைய இடித்துப் போட்டார். நிறம் மண் கலந்த தண்ணீராக மாறியது. சிவப்புக்காக பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தார். தீர்த்தம்மாள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒருபக்கம் மாங்கா ஊறுகா, ஒருபக்கம் மாட்டு மருந்து. இதக் குடிச்சா பொண்ணத் திருப்பி அனுப்பிருவாங்க.”

அன்றிலிருந்து மாதுவுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று கேக் வெட்டியதும், மாது வெள்ளி டம்ளர்களில் ஊற்றினார். ராஜப்பன், அவர் மனைவி குள்ளம்மாள், மாப்பிள்ளை, அவன் தங்கை ஜாஸ்மின் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். ராஜப்பன் “ம்” என்றார். நாலு பேரும் ஒரே மடக்கில் குடித்து முடித்தார்கள். ஒரு முகமாவது சுளிக்க வேண்டுமே! இல்லை.

“பிரமாதம்ங்க சம்பந்தி” என்று ராஜப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாதுவுக்கு உயிர் வந்தது. அந்த மரியாதைக்காகவே தானும் ஒரு டம்ளர் குடித்தார். தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படி ரசித்துக் குடிப்பவர்களை ஒரு டம்ளரோடு நிறுத்தலாமா என்று சொம்பைத் தூக்கினார்.

“இன்னும் ஒண்ணு ஊத்தட்டுங்களா?”

நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். ஜாஸ்மின் மட்டும் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

“வேணாங்க மாமா! எங்க வூட்ல யாரும் இதத் தொட்டதே இல்ல. இது உங்க வூட்டு வழக்கம்னு நெனச்சு, வேணாம்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டு, அப்பா இருவது நாளா தெனம் காலையில எங்கள வரிசையா நிக்க வெச்சு, இருமல் மருந்து ஊத்திப் பழக்குனாருங்க!”