தொண்ணூறு கிலோ சோதனை

குதிரை வாங்குகிறவர்கள் ஒரு ரகம். குதிரை பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாம் ரகத்தாரைச் சுலபமாக அடையாளம் காணலாம்: சட்டைப்பையில் பேனா, கையில் அட்டை, அட்டையில் கேள்விப் பட்டியல், முகத்தில் ‘என்னை ஏமாற்ற முடியாது’ என்ற களை. நம்மவர் இந்த ரகத்துக்கே திலகம்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, தாங்க வேண்டிய எடையைப் போல ஒன்றேகால் மடங்கு சுமையை ஏற்றி இறக்கி, அப்புறமும் அரைமனதாகத்தான் கையெழுத்துப் போடுவார். பணி ஓய்வுக்குப் பிறகு காட்டுப் பாதையில் குதிரையில் போக வேண்டும் என்பது மனைவியின் ஆசை. சாம்பல் நிறக் குதிரை என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தார். “முதல்ல ஓய்வு வரட்டும்” என்றார் இவர். வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்னால் மனைவி போய்விட்டார்.

அந்த ஆசையையாவது நிறைவேற்றலாம் என்று தங்கையின் காரில் உள்ளூர் லாயங்களாக ஏறி இறங்குகிறார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற குதிரைக்கு அந்தச் சலுகை உண்டா? ஒரு குதிரைக்குக் குளம்பு அகலம். இன்னொன்றுக்குப் பார்வை சரியில்லை, அதாவது இவரைப் பார்த்த பார்வை. அவர் தேடியது குதிரையை அல்ல, குதிரைக் கொம்பை.

ஏழாவது, பன்னிரண்டு வயதுச் சாம்பல் பெண் குதிரை. பரம சாது.

“தீவன மூட்டை இருக்காம்மா? என் எடை எழுபத்திரண்டு. தொண்ணூறு கிலோ ஏத்தி நடத்திக் காட்டுங்க.”

லாயக்கார அம்மாள் தங்கையைப் பார்த்தார். “நீங்களே ஏறிப் பாருங்களேன் சார்.”

“அது கடைசிக் கட்டம்.”

“நாலு மணிக்கு இன்னொருத்தங்க வராங்க சார்.”

“அண்ணா,” என்றாள் தங்கை, “அண்ணி இருந்திருந்தா இந்நேரம் பாதிக் காட்டைத் தாண்டியிருப்பாங்க.”

அவர் முப்பத்தெட்டாம் கேள்வியைப் படித்தார். “இந்த நிறம் நிலைக்குமா?”

“வருஷா வருஷம் வெளுக்கும் சார். கடைசியில வெள்ளைதான்.”

“அப்போ சாம்பல்னு நம்பி வாங்கறவன் கதி?”

“நீங்களுந்தான் வெளுத்துட்டீங்க,” என்றாள் தங்கை. “அண்ணி திருப்பியா கொடுத்தாங்க?”

நாலு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பேக்கரி வேலையிலிருந்து நேரே வந்தவள், முழங்கையில் மாவு. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள்: “இவ பேரு என்ன?” ஏறினாள், ஒரு சுற்றுப் போனாள், வாங்கிவிட்டாள்.

நம்மவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நாற்பத்தொரு கேள்விகள். பேரைக் கேட்கும் கேள்வி மட்டும் அதில் இல்லை. நாற்பத்திரண்டாவதாக எழுதிக்கொண்டார்.

“நல்ல வேளை, தப்பிச்சோம்,” என்றார் காரில். வீடு வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த அட்டை என் மேஜையில்தான் கிடக்கிறது, நாற்பத்திரண்டு கேள்வியும் என் கையெழுத்தில். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ‘எல்லாம் சரிபார்த்துவிட்டு வருகிறேன்’ என்று நீங்களும் யாரையாவது காக்க வைத்திருப்பீர்கள். காத்திருப்பவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.