ஒரு பட்டிக்குள்ள இருபத்தஞ்சு ஆடு

பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒரு காரியத்தையாவது முடிச்சுக் காட்டறதுன்னு நான் சபதம் போட்டது எழுபத்தாறாம் வருசமுங்க. அதையும் மலையாளத்துலயே முடிக்கறதுன்னு போட்டேன். அங்கதான் வந்துது வினை.

எம் பேரு பொங்கியண்ணன். பொறந்தது பொள்ளாச்சிப் பக்கம். மயிலாத்தாளைக் கட்டிக்கிட்டு, எல்லை தாண்டி மலையாளச் சீமையில இருக்கற கோவிந்தாபுரத்துல மாமனார் ஊட்டோட வந்து ஒட்டிக்கிட்டேன். அவ மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. நான் பஸ் போர்டு பாத்துப் படிச்சவன்.

அப்ப பிளாக் ஆபீசுல ஆடு குடுத்துக் கொட்டகையும் போட்டுத் தர்றதாச் சொன்னாங்க. திட்டம் எழுதிக் கொண்டு போகோணும். ஆடு கெடைச்சா நான் மொதலாளி. கெடைக்காட்டி மச்சான் சின்னையனோட புண்ணாக்குக் கடையில மூட்டை தூக்கோணும். மாமனார் என்ற தோளை ஏற்கெனவே ஒரு தினுசாப் பாக்க ஆரம்பிச்சிருந்தாரு.

ராப்பகலா உக்காந்து எழுதினேனுங்க. ஆட்டுக்குப் பட்டி கட்டறது, பட்டிக்கு ஓலை வேயறது, அத்தனையும் மலையாள எழுத்துல. பைலைப் பொட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன்.

குடுக்கறதுக்குக் கடைசி நாள் காலைல பொட்டியத் தொறந்தா, என்ற கல்யாண வேட்டி மட்டும் கெடக்குது. பைலைக் காணோம். பரணு, நெல்லுக் குதிரு, மாட்டுத் தொட்டி, ஒண்ணு உடலை. கோழிக்கூட்டுக்குள்ளயும் கைய உட்டேன். கொத்து வாங்குனதுதான் மிச்சம்.

"ஏம்புள்ள, என்ற பைலைப் பாத்தியா?"

"எந்தப் பைலுங்க?"

"ஆட்டுப் பைலு."

"ஆடு தின்னிருக்குமுங்க."

"நம்மகிட்ட ஆடே இல்லையே."

"அதான, அதுக்குத்தான பைலு." மயிலாத்தா நிதானமா மொளகா கிள்ளிக்கிட்டிருந்தா. "போச்சாது உடுங்க. அண்ணன் கடையில நல்ல காத்தோட்டமுங்க."

"மூட்டைக்கு அடியில என்ன காத்துப் புள்ள வரும்? தேடிக் குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தேடறேன். ஆனா வழியில பிரிக்கக் கூடாது. பஸ்ஸுல தாளு பறந்துருமுங்க. நேரா ஆபீசர் கையிலதான் குடுக்கோணும்."

எனக்கு நாயமாத்தான் பட்டுது. தலைய ஆட்டினேன். அவ போயி அரிசிப் பானைக்குள்ள கைய உட்டுப் பைலை எடுத்தாந்துட்டா. அதே செவப்பு நாடா. போன உசுரு திரும்பி வந்துதுங்க.

"பானைக்குள்ள எப்படிப் போச்சு?"

"எலி இழுத்திருக்கும்."

"பூட்டின பொட்டியில இருந்தா?"

"கெட்டிக்கார எலிங்க."

ஓடிப் போயி பஸ்ஸைப் புடிச்சேன். கொல்லங்கோட்டு ஆபீசர் பக்கம் பக்கமாப் படிச்சாரு. "நன்னாயிட்டுண்டு"ன்னாரு. கடைசிப் பக்கத்துல வெரலை வெச்சு, "இவிடெ ஒரு ஒப்பு"ன்னாரு. அவரு காட்டின எடத்துல சுழிச்சுக் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த மாசம் ஆடு வந்துரும்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. தோளைத் தடவிப் பாத்துக்கிட்டேன்.

ஊட்டுக்கு வந்ததும், "என்ற மலையாளத்தை ஆபீசரே மெச்சிட்டாரு புள்ள"ன்னேன்.

அவ உள்ள போயி ஒரு கத்தைத் தாளோட வந்தா. என்ற கையெழுத்து. நிறுத்தி நிறுத்திப் படிச்சா.

"'என் தோட்டத்தில் நாலு பட்டி கட்டுவேன். ஒவ்வொரு பட்டிக்குள்ளும் இருபத்தஞ்சு ஆடு. பட்டிக்கு ரெண்டு வாசல். மழைக்கு முன்னே பட்டிக்கு ஓலை வேய்வேன்.'"

"செரியாத்தான இருக்குது?"

"நம்ம தமிழுக்குச் செரிங்க. மலையாளத்துல பட்டின்னா நாய்."

ரெண்டு வாசல் வெச்ச நாயை நெனச்சுப் பாத்தேன். வவுத்துக்குள்ள இருபத்தஞ்சு ஆடு. முதுகு மேல ஓலை வேற. தெருவுல நாயை வெரட்டறப்ப அந்த வார்த்தைய நானே சொல்லியிருக்கேனுங்க. எழுதறப்ப மண்டையில ஏறலை.

"அப்ப நான் குடுத்தது?"

"நான் எழுதினதுங்க. பட்டிய எல்லாம் ஆட்டின்கூடுன்னு மாத்திட்டேன்."

கோவம் வரோணும், வரலை. தப்பிச்சமடா சாமின்னுதான் இருந்துச்சு. "எப்படியோ, நான் மொதலாளி ஆயிட்டேன்."

"மொதலாளின்னு எம் பேரை எழுதி நானே கையெழுத்தும் போட்டுட்டேனுங்க."

"அப்ப நான் போட்ட ஒப்பு?"

"அது ஆடு மேய்க்கற ஆளுக்கு உட்ட எடமுங்க."