சரோஜாக்கா வீட்டுக்கு நான் சொன்ன படம்

பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு பிடி உரிப்பதும், முந்தானையில் கை துடைத்துவிட்டு ஒரு வரி தட்டுவதுமாக இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பட்டாணி மேல் பழியைப் போடுங்கள். எட்டாவதோடு நின்றுபோன படிப்பின் மேலும் போடலாம்.

நம் குழுவில் இந்த வாரம் முழுக்க ஒரே கூத்து. பிடித்த படம் சொல்லுங்கள், பிடித்த புத்தகம் சொல்லுங்கள், பிடித்த பாட்டு சொல்லுங்கள். ஆளாளுக்கு வரிசை போடுகிறார்கள்.

ஒருத்தர் 'சாவதற்கு முன் பார்க்க வேண்டிய படங்கள்' என்று போட்டிருக்கிறார். செத்த பிறகு பார்க்கிற படம் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்ன?

இன்னொருத்தர் ஏதோ நாட்டுப் படத்தைச் சொல்லி, மூன்று தடவை பார்த்தால்தான் புரியும் என்கிறார். அதென்ன படமா, ரேஷன் கார்டு விண்ணப்பமா?

நீங்களும் ஒன்று சொல்லுங்களேன் என்று என்னையும் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நான் இதுவரை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் படம் சொல்லியிருக்கிறேன். அது என்ன ஆனது என்று கேட்டால், அப்புறம் என்னிடம் கேட்கவே மாட்டீர்கள்.

அப்போது நாங்கள் ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துக்கு வந்த புதிது. கைக்குழந்தை வேறு. என் வீட்டுக்காரருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே கெட்டுப்போகிற கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுகிற வேலை. எனக்குத் தெலுங்கு வராது, ஹிந்தி வராது. கூச்சத்தில் தமிழே பாதிதான் வரும். பேச்சுத்துணை என்றால் கீழ்வீட்டு சரோஜாக்கா ஒருத்தர்தான்.

சரோஜாக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். வேண்டாம் என்று சொல்ல 'நக்கோ' என்பார். கோங்குராக் கீரை இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் யார் கேட்டாலும் "நாங்க வேலூர்க்காரங்க" என்பார். வேலூரில் அவருக்குத் தெரிந்தது ஒரு கல்யாண மண்டபம் மட்டும். அதுவும் எப்போதோ சாப்பிட்டுவிட்டு வந்தது.

அவர் வீட்டுக்காரர் தண்டபாணி சாருக்குப் பெரிய ஃபேக்டரியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போவார், கம்பெனி பஸ்ஸில் வருவார். நடுவில் அவர் வாய் திறந்து பார்த்தவர்கள் கிடையாது.

ஒரே பெண் காவ்யா. அவளும் ஐ.டி.தான். நிஜமான ஐ.டி. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள்.

ஒரு நாள் நான் மாடியில் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சரோஜாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். காவ்யா கூட வேலை செய்கிற பையனைத்தான் கட்டுவேன் என்கிறாளாம். வாரங்கல் பையனாம், தெலுங்காம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். திட்டியாகிவிட்டது, பட்டினி கிடந்தாகிவிட்டது, கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தாகிவிட்டது. அவள் அசையவில்லையாம்.

சார் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் என்ன சொல்வார்? டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறாராம்.

பேசாமல் துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்குத்தான் அன்றைக்கென்று வாய் வந்துவிட்டது.

"அக்கா, ஒரு படம் இருக்கு" என்றேன்.

படத்தின் பேரை உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் வரிசையில் சேர்த்துவிடுவீர்கள். கதை இதுதான். வாத்தியார் மகள் பஸ் கண்டக்டரோடு ஓடிப்போகிறாள். அவன் வேலை போய்விடுகிறது. அவள் கோயில் வாசலில் பூ விற்கிறாள். கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு மழையில் நனைந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். தெருமுனையில் வரும்போதே சங்குச் சத்தம் கேட்கும். உள்ளே அப்பா பாடையில். மகள் போன ஏக்கத்திலேயே போய்விட்டார். அவள் விற்காத பூவை அவர் காலடியில் வைப்பாள். படம் முடிந்தது.

எங்கள் ஊரில் அதைப் பார்த்துவிட்டு நான் ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. சரோஜாக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், "அந்தப் படம் பார்த்தப்புறம் எங்க ஊர்ப் பொண்ணுங்க கண்டக்டர்கிட்ட மிச்சச் சில்லறைகூடக் கேக்கலக்கா."

சரோஜாக்கா அப்போதே கடைக்கு ஓடினார். சி.டி. கடையில் தமிழ் இல்லையாம், தெலுங்கில் டப் செய்ததுதான் இருக்கிறதாம். பரவாயில்லையா என்று வந்து கேட்டார்.

இங்கேதான் என் மேதாவித்தனத்தைக் கவனிக்க வேண்டும். "அதுவே நல்லதுக்கா. ஆளு அதே ஆளுதான், வாய் மட்டும்தான் தெலுங்கு. காவ்யாவுக்கும் நல்லாப் புரியும்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் படம் போட்டோம். மேல்வீட்டு அக்கா ஆசைப்படுகிறாள் என்று என் பேரைச் சொல்லித்தான் காவ்யாவை உட்கார வைத்தார் சரோஜாக்கா. தண்டபாணி சார் மூலையில் பேப்பரை விரித்து அதற்குப் பின்னால் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அன்று ராத்திரி ரயில் ஏற வேண்டும். அதற்குள் இவள் மனசு மாற வேண்டும்.

எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கதை தெரியுமே. அடுத்து வேலை போகும், அடுத்து வீட்டுக்காரன் சாமானைத் தூக்கி வெளியே வைப்பான் என்று சரோஜாக்கா காதில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன். சொன்னபடி எல்லாம் நடந்தது. பூ விற்கிற இடத்தில் காவ்யா கண்ணைத் துடைத்தாள். சரோஜாக்கா சந்தோஷத்தில் என் தொடையில் கிள்ளினார்.

மழை வந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் பூக்கூடை, அதே தெருமுனை.

"அக்கா, இப்ப சங்கு ஊதும் பாருங்க" என்றேன்.

சரோஜாக்கா அழுவதற்குத் தயாராகத் துண்டைக் கையில் எடுத்தார்.

நாதஸ்வரம் ஊதியது.

சி.டி.தான் கோளாறு என்று நினைத்தேன். அதே வீடு, அதே மழை. ஆனால் வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளேயிருந்து அப்பா நடந்து வருகிறார். செத்தவர் மாதிரியே இல்லை, முன்னைக்கு ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். கையில் தட்டு, தட்டு நிறைய வளையல். பின்னாலேயே கண்டக்டர் வருகிறான், வெள்ளைச் சட்டையில். அவனுக்குப் பின்னால் வரிசையாக அவனுடைய சொந்தப் பஸ்கள். பூக்காரி மகள் அப்பா தோளில் சாய்ந்து அழுகிறாள். அந்த அப்பா நீளமாக ஏதோ பேசினார். அப்புறம் எல்லோரும் ஆடினார்கள். செத்த வீட்டில் ஆடுகிறார்களே என்று எனக்கு மட்டும்தான் பதைத்தது.

பேப்பர் கீழே இறங்கியது. தண்டபாணி சார் அழுதுகொண்டிருந்தார்.

அந்த அப்பா என்ன பேசினார் என்று பிற்பாடு காவ்யாதான் எனக்குச் சொன்னாள். ஊர் நாலு நாள் பேசிவிட்டு ஓய்ந்துவிடும், நீ இல்லாத வீட்டில் நான் யாரோடு பேசுவது என்று சொன்னாராம். வருஷக்கணக்காக வாயே திறக்காத மனிதர் முன்னால் போடுகிற வசனமா அது?

தண்டபாணி சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காருப்பா" என்றாள் காவ்யா. தமிழில்.

"அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

சரோஜாக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கைக்கும்மா?" என்றார். எதுக்கு என்று அர்த்தம். "கைக்கு நீ எனக்கு இந்தப் படத்தைச் சொன்னே?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டேன். சனிக்கிழமை என்பதால் என் வீட்டுக்காரர் வெளிச்சம் இருக்கும்போதே வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டே, "சோகமா முடிச்சா இங்க ஓடாது. அதனால ரெண்டு முடிவும் எடுத்து வச்சிருவாங்க. இதுகூடத் தெரியாதா?" என்றார். எல்லாம் தெரிந்த மனுஷன். எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்ததைச் சொல்லுவார்.

அந்தப் படம் எடுத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ரவிக்கை தைக்கிற மாதிரி ஊருக்கு ஓர் அளவா? தமிழ்நாட்டு அப்பன் என்றால் சாக வேண்டும், ஆந்திரா அப்பன் என்றால் மகளுக்கு வளையல் போட வேண்டுமா?

கொஞ்ச நேரத்தில் சரோஜாக்கா போனோடு மேலே வந்தார். மாப்பிள்ளை வீட்டார் கிளம்புவதற்குள் வர வேண்டாம் என்று சொல்லியாக வேண்டுமாம். அவருக்கு நாக்கு எழவில்லையாம். ஆரம்பித்து வைத்த நீயே முடித்து வை என்று எண்ணைப் போட்டு என் காதில் வைத்துவிட்டார். பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லவே வீட்டுக்காரரை அனுப்புகிறவள் நான்.

மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார். பலகாரமெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. இந்த மாதிரி, எல்லோரும் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம், பார்த்ததும் பெண்ணின் அப்பா மனசு மாறிவிட்டது, அவள் கூட வேலை செய்கிற பையனுக்கே கொடுப்பதாக முடிவாகிவிட்டது என்று உளறினேன்.

"என்ன படம்மா அது?"

பேரைச் சொன்னேன்.

அவர்கள் வேலூர். அவர்கள் பார்த்தது தமிழ்.

"அதுல அந்த அப்பா செத்தே போயிடுவாரே" என்றார். "அதைப் பாத்துட்டா சரின்னாரு உங்க சாரு? பாடையைப் பாத்தும் மனசு இளகாம?"

தெலுங்கில் அவர் சாகவில்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"இவ்வளவு கல்நெஞ்சுக்காரங்க வீட்ல நாங்க பொண்ணு எடுக்கறதா இல்லம்மா" என்று வைத்துவிட்டார்.

சரோஜாக்கா பதறிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

"வரலையாம்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

கல்யாணம் நடந்தது. வாரங்கல் மாப்பிள்ளை தங்கம் என்று சரோஜாக்கா இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தான் பார்த்துச் செய்த சம்பந்தம் மாதிரிதான் பேச்சு. தண்டபாணி சார் சம்பந்தியோடு போனில் பேசுகிற சத்தம் எங்கள் மாடிவரை கேட்கிறது. மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் மொத்தமாகப் பேசுகிறார்.

என் பாடுதான் கேவலம். படம் போட்டுக் கல்யாணம் முடித்தவள் என்று பேர் வாங்கிவிட்டேன். எதிர்வீட்டம்மா புருஷன் குடியை நிறுத்த ஒரு படம் கேட்டார். பின்வீட்டுப் பெண் மாமியார் வாயை அடக்க ஒன்று வேண்டும் என்றாள். மருந்துக் கடை வைத்திருக்கிறேன் என்று நினைப்பு. நான் கூச்சத்தில் சிரித்துவைப்பேன், அவர்கள் அதையே ஏதோ பெரிய ரகசியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே குழு மக்களே, உங்கள் வரிசையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த அப்பா சாகிறார் என்று தெரியாமல் நான் இனி ஒருத்தருக்கும் வாயைத்—

கீழேயிருந்து சரோஜாக்கா கூப்பிடுகிறார். வாரங்கல் சம்பந்தியம்மா வந்திருக்கிறாராம், எல்லோரும் சேர்ந்து பார்க்க நல்லதாக ஒரு படம் சொல்ல வேண்டுமாம். முடியாது என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வருகிறது? ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் போகிறேன், எதற்கும் இந்தத் தடவை கடைசிக் காட்சியை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று—