ஃபேன் டேபிளில் ஆடிட் சார்

விழுப்புரம் மாவட்டத்திலேயே டிப்ஸை எதிர்த்துத் தனி ஆளாகப் போர் நடத்தியவர் எங்கள் ஆபீஸ் ஆடிட் சார்தான். நான் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கும்போது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆகாதவர், வாடகை அறையில் தனியாக இருப்பவர். மூன்று வேளையும் அங்கேதான்.

பில்லைக் கையில் விரித்துக்கொண்டு, "ஜிஎஸ்டி இருக்குது, டிப்ஸ் எங்க இருக்குது? இல்லாதத நான் ஏன் குடுக்கணும்?" என்பார். கூடுதலாகக் கவனித்தால்தானே டிப்ஸ், அந்தக் கவனிப்பே எனக்கு வேண்டாம் என்று தண்ணீர் ஜக்கு, சட்னி வாளி எல்லாவற்றையும் அவரே போய் எடுத்து வருவார்.

அதோடு விட்டிருந்தால் தேவலாம். பக்கத்து டேபிள்காரர் பையில் கை விட்டால் அவருக்கும் வகுப்பு எடுப்பார். அந்த மனிதர் அசடு வழிந்து கையை வெறுமையாக வெளியே எடுப்பார். அந்த வரிசைக்கு சர்வர் மணி. வருமானம் போய் நொந்துபோனவர் முதலாளியிடம், "அந்த சாரு உள்ள குந்தினா நான் வேலைய உட்டுடறேங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளி ஆடிட் சாரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பார்சல் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு மனிதர் ஆபீஸில் யார் கணக்கிலும் தப்பு கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் முகூர்த்த நாள். நானும் டிபனுக்கு மெஸ்ஸில் இருந்தேன். மற்ற சர்வர்கள் எல்லாம் கல்யாணப் பந்தி பரிமாறப் போய்விட, மணி மட்டும் இருந்தார். ஆடிட் சார் பார்சலுக்காகக் கல்லா ஓரமாக நின்றார். கிளியனூர் பக்கமிருந்து திருவாமாத்தூர் கல்யாணத்துக்குப் போகிற வேன் ஒன்று வந்து நிற்க, மெஸ் நிரம்பிவிட்டது. நாலா பக்கமும் சாம்பார், சாம்பார் என்று சத்தம். ஆடிட் சார் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பழக்க தோஷத்தில் வாளியைத் தூக்கிவிட்டார். டக் இன் செய்த சட்டையோடு பந்தி முழுக்க ஓடினார். வெங்காயச் சட்னி தீர்ந்ததற்கு மன்னிப்புகூடக் கேட்டார்.

போகும்போது வேன்காரர்களில் ஒருவர் அவர் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகி, "ரொம்ப நல்லா கவனிச்சிக்கினீங்க, டீ குடிங்க" என்றார்.

வகுப்பு ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்தேன். சாருக்கோ முகமெல்லாம் சிவந்துவிட்டது, ஆபீஸில் பிரமோஷன் வந்தபோதுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மணியிடம் போய் மெதுவாக, "இத என்னப்பா பண்றது?" என்றார்.

"வச்சிக்குங்க சார். அவருக்குத் தோணிச்சு, குடுத்தாரு."

சொல்லிவிட்டு மணி, கல்லாவில் கட்டி வைத்திருந்த பார்சலை எடுத்துவந்து பிரித்தார். ஃபேன் டேபிளில் இலை போட்டு வைத்தார். "குந்துங்க சார், ஆறிடப் போவுது" என்றார். முதலாளி பார்க்காததுபோல் கல்லாவில் சில்லறை எண்ண ஆரம்பித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆடிட் சார் அந்த நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்தார். "இது கட்டாயம் கெடையாது, தெரிஞ்சிக்கோ. என் இஷ்டம்" என்றார். "சரிங்க சார்" என்றார் மணி.

ஆடிட் சார் தினமும் பார்சல் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக அறைக்கு நடந்து போவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அதைப் பார்க்க விடாமல் செய்த மணிக்கு நான் எவ்வளவு டிப்ஸ் வைத்தாலும் தகும்.