ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு முறை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் 'கீச்' என்றது.

பராமரிப்பு அதிகாரி சுவிட்சை அணைத்தார். அது தானாகத் திருந்திக்கொள்ள ஒரு நிமிடம் அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி போட்டார். எலியின் வாலை யாரோ மிதித்த மாதிரி மறுபடியும் 'கீச்'.

"ஏங்க, கத்துதா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கத்தல. சின்னதா ஒரு ஒலி."

"பின்பக்கம் பேரிங்ல எண்ணெயும் தூளும் சேர்ந்து அப்பியிருக்கும். நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"நான் யோசிச்சிட்டு இருக்கேன்ல? நடுவுல பேசாத."

அது மரத்தில் நெளிவு சுளிவாக அறுக்கிற மெஷின். தையல் மெஷினில் ஊசி போய் வருவது போல, இதில் நூல் கனத்துக்கு ஒரு ரம்பம் மேலும் கீழும் போய் வரும். ரம்பத்தின் இரு முனைகளையும் இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். அந்தக் கைகள் பின்பக்கம் நான்கு குட்டி பேரிங்குகளில் ஆடும். பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் எழுத்து, பூ, யானை எதை வேண்டுமானாலும் அறுத்து எடுக்கலாம்.

அதிகாரி இதுவரை எதையும் அறுத்ததில்லை. "முதல் வருஷம் பராமரிப்பு. ரெண்டாவது வருஷம்தான் அறுப்பு" என்பது அவர் கொள்கை. மெஷின் வாங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ஐம்பது மணி நேரம் ஓடியதும் பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும் என்று கையேடு சொன்னது. மெஷின் ஓடிய நேரத்தை விட்டுவிட்டு, கடிகாரம் ஓடிய நேரத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தரம் செல்போனில் அலாரம் அடிக்கும். எண்ணெய் விடுவார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்திலும் அவரே போடுவார். 'மெஷின் மேல் மரத்தூள் காணப்படுகிறது. காற்றில் தூசி அதிகம். ஜன்னலை மூடி வைக்க மனைவிக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பும் அதில் இருந்தது.

இன்றைய கீச்சுக்கு அவர் இவ்வளவு கலங்கக் காரணம் வெள்ளிக்கிழமை மாலை நடந்த ஒரு விஷயம். பொது மேலாளரின் கார் டிரைவர் அவரை ஆபீஸ் வாசலில் மடக்கினார்.

"சார், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஐயாவும் அம்மாவும் உங்க வீட்டுக்கு வர்றாங்க. அம்மா குடுத்த அட்ரஸ் உங்களோடதுதான். புது வீட்டுக்குப் பேர்ப்பலகை வேணுமாம். எழுத்து வெட்டுற மெஷினையும் பாக்கணுமாம்."

அதிகாரிக்கு உடனே விளங்கிவிட்டது. போன ஆண்டுக் கூட்டத்தில் 'பராமரிப்பே உயிர்மூச்சு' என்று முக்கால் மணி நேரம் பேசியபோது வீட்டு மெஷினை இரண்டு இடத்தில் உதாரணம் காட்டியிருந்தார். பாதி அரங்கம் தூங்கியது. மேலாளர் தூங்கவில்லை போலிருக்கிறது. துணை மேலாளர் நாற்காலி மூன்று மாதமாகக் காலி. பேர்ப்பலகை நன்றாக அமைந்தால் அந்த நாற்காலி இருக்கும் அறைக் கதவில் அவர் பேர்ப்பலகை.

அதற்கு முதலில் இந்தக் கீச் ஒழிய வேண்டும்.

கையேட்டில் சொன்னபடி மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தார். கை ஆடும் இடத்தில் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட வேண்டும் என்று இருந்தது. அவசரம் கருதி அதை அரை மணி நேரமாகக் குறைத்தார். குறைந்த நேரத்துக்கு ஈடாக எண்ணெயைக் கூட்டினார். அரை பாட்டில்.

சுவிட்சைப் போட்டதும் கீச் போய்விட்டது. எண்ணெய் வந்தது. சுவர், ஜன்னல், சட்டை, மூக்குக்கண்ணாடி என்று எதையும் விடவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். "இப்படி எண்ணெய் சொட்டினா பலகையெல்லாம் கறை ஆயிடும். அப்புறம் பெயின்ட் ஒட்டாது."

"எந்தப் பலகை?"

"பொதுவாச் சொல்றேன். மெல்லிசு எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இது தொழில்நுட்பம்மா. தாளிக்கிற வேலை இல்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து மண்ணெண்ணெய். பழைய எண்ணெயை முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. கழுவிய கழுவலில் பேரிங்கில் எண்ணெய்ப்பசை என்று ஒன்று இல்லாமல் போனது. இப்போது மெஷின் 'கீச்' என்று சொல்லவில்லை. 'கிர்ர்ரீச்ச்' என்றது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்காச்சும் பல்லு புடுங்குறாங்களா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதிகாரி தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு நடந்தார். கடைக்காரர் அவர் வீட்டைத் தெரிந்தவர்.

"வாங்க சார். வழக்கமான மெல்லிசு எண்ணெய்தானே?"

"என்னய்யா வழக்கம்? நான் இந்தக் கடைக்கு வர்றதே முதல் தடவை."

"இல்ல சார், வந்து..."

"கனமான கிரீஸ் குடுய்யா. லாரிக்குப் போடுறது."

"அந்தச் சின்ன மெஷினுக்கா?"

"எந்த மெஷினுக்குன்னு நான் சொன்னேனா? கேட்டதைக் குடு."

கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்தார்.

கிரீஸ் மூன்று விரல் அள்ளல் உள்ளே போனது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. கைகள் அசையவில்லை. லேசாகப் புகை வாசனை வந்தது. பிறகு வீடு முழுக்க மின்சாரம் போனது.

"சத்தம் நின்னுடுச்சு பாத்தியா?" என்றார் அதிகாரி.

"ஃபேனும் நின்னுடுச்சு" என்றாள் மனைவி.

ராத்திரி மனைவி ஃபியூஸ் போட்டாள். ஞாயிறு காலை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஸ்பேனர். இரண்டு கைகளும் கழன்றன. பேரிங்குகளை ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டி வெளியே எடுத்தார். நான்காவது பேரிங் அடி தாங்காமல் வாயைத் திறந்தது. உள்ளே ஊசி மாதிரி இருந்த உருளைகள் தரையெங்கும் சிதறி, ஆளுக்கொரு திசையில் ஓடின.

மூன்று மணி ஆனபோது, பொது மேலாளரை வரவேற்க வேண்டிய மனிதர் பீரோவுக்கு அடியில் தலையும் வெளியே காலுமாகக் கிடந்தார்.

"எத்தனை கிடைச்சுது?" என்றாள் மனைவி குனிந்து.

"ஒம்போது. அதுல ஒண்ணு குண்டூசி."

"மொத்தம் எத்தனை?"

"அது பதிவேட்டுல இல்ல."

மூன்றரைக்கு அவர் வெளியே வந்தார். தலையில் ஒட்டடை, முழங்கை வரை கிரீஸ். எதிரே தட்டில் மெஷின் கூறு கூறாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. நாற்காலி போச்சு. வர்றவர்கிட்ட என்னத்தக் காட்டுவேன்? நாளைக்கு ஆபீஸே சிரிக்கும்."

அவர் தோல்வியை ஒத்துக்கொண்டது மனைவிக்குப் புதிதாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்தாள்.

"இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேப்பீங்களா? அரிசி டப்பாவுக்குப் பின்னாடி புது பேரிங் ஒரு செட் இருக்கு. ரம்பமும் இருக்கு. மாட்டினா அரை மணி நேர வேலை."

அதிகாரி மெதுவாக நிமிர்ந்தார். "அது எப்படி நம்ம வீட்ல இருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். அரை மணி முன்னதாகவே அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பொது மேலாளர், அவர் மனைவி, பின்னால் தேக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு டிரைவர். அதிகாரி துள்ளி எழுந்து, கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நேற்றே மனப்பாடம் செய்துவைத்த வரவேற்புரையைத் தொடங்கினார்.

"வாங்க சார்! பராமரிப்பு என்பது வெறும் எண்ணெய் விடும் வேலை அல்ல. அது ஒரு..."

மேலாளரின் மனைவி அவரைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போய், அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் அதிகாரியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தட்டில் கிடந்ததையும் பார்த்தார். அவர் முகம் ஆச்சரியத்தில் மலர்ந்தது.

"அட, பேர்ப்பலகை அறுக்குற மேடத்தோட வீட்டுக்காரர் நீங்கதானா? உலகத்துல உள்ள எல்லாத்தையும் பத்திப் பேசுறீங்க, இதை மட்டும் ஆபீஸ்ல சொல்லவே இல்லையே!"